புதுக் கைத்துப்பாக்கியைப் பழக்குவது: ஒரு சொல், மூன்று வேலைகள்

தாராபுரம் வட்டாரத்தில் புதிதாக எதை வாங்கினாலும் முதலில் அதைப் பழக்க வேண்டும். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, முதல் நாலு தோசையைப் பிய்ந்துபோக விட்டுப் பழக்குவார்கள். கிரைண்டரில் தவிட்டையோ பழைய சோற்றையோ போட்டு ஓட்டி, கல்மணல் வருவது நிற்கும்வரை கழுவிக் கொட்டுவார்கள். ஊத்துக்குளிக் கல்லே ஆனாலும் முதல் மாவு வாயில் நறநறக்கத்தான் செய்யும். காங்கேயம் காளைக்கன்றுக்கு முதன்முதலில் நுகம் வைக்கும்போது மறுபக்கம் பழகின மாடு நிற்கும். ஒரு காலத்தில் புது வண்டியின் பின்னால் ‘ரன்னிங் இன்’ என்று எழுதிக்கொண்டு, நாற்பதைத் தாண்டாமல் பழனி சாலையில் போவதே ஒரு பெருமை.

இந்த வரிசையில் எப்போதாவது வந்து சேரும் ஒரு பொருள், கைத்துப்பாக்கி. இந்தப் பக்கம் உரிமம் பெற்ற துப்பாக்கி என்றால் பெரும்பாலும் தோட்டத்துச் சாளையில் தொங்கும் நெடுங்குழல் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். காட்டுப்பன்றிக்கும் திருட்டுக்கும் பயந்து பாட்டன் காலத்தில் வாங்கியதாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் .32 ரிவால்வர் வாங்கினார். விசையை இழுத்தால் மணலில் கல்லுரல் சுற்றுவதுபோல் ஒரு கரகரப்பு. உடனே ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. “எண்ணெய் உட்டு ஆயிரந் தடவை இழுங்க, தானா வழுவழுன்னு ஆயிரும்” என்றார் ஒருவர். “நம்ம லேத்துல குடுத்தா அரை மணி நேர வேலைங்க” என்றார் இன்னொருவர். படையில் இருந்து ஓய்வுபெற்ற மூன்றாமவரோ, “கம்பெனி குடுத்ததுல கைய வெக்காதீங்க” என்று முடித்துக்கொண்டார்.

மூவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் பேசியது ஒரே வேலையைப் பற்றி அல்ல. பழக்குவது என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன: செய்யும்போதே விட்டுப்போன பிசிறை நீக்குவது, ஒன்றோடொன்று உரசும் பாகங்களை இணங்க வைப்பது, இந்தத் துப்பாக்கி வேண்டிய நேரத்தில் வெடிக்கும் என்று சோதித்து நம்புவது. உலகெங்கும் இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டுதான் விவாதம் நடக்கிறது. பிரித்துப் பார்த்தால் எது தேவை, எது வீண், எது ஆபத்து என்பது தெளிவாகும்.

இரும்பும் இரும்பும்

புதுப் பாகம் கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் உழுத நிலம்தான். மேடும் பள்ளமும் வரிவரியாக ஓடும். கடைசல் உளியும் மில்லிங் கட்டரும் விட்டுப்போன தடம் அது. இரண்டு புது மேற்பரப்புகள் உரசும்போது முழுப் பரப்பும் தொடுவதில்லை. மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. மொத்தச் சுமையும் அந்த நுனிகளின்மேல் விழுவதால் அவை வேகமாக மழுங்கிச் சாய்கின்றன. பிறகு தொடும் பரப்பு கூடுகிறது, ஒவ்வொரு புள்ளியிலும் சுமை குறைகிறது, தேய்மானமும் மட்டுப்படுகிறது. முதலில் வேகமாகவும் பின்பு நிதானமாகவும் நடக்கும் இந்தத் தேய்மானத்தின் முதல் கட்டத்தைத்தான் எந்திரத் துறையில் ‘ரன்னிங் இன்’ என்கிறார்கள். உராய்வு, தேய்மானம், உயவு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு டிரைபாலஜி என்ற பெயரைப் பரப்பியது 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கை. பெயர்தான் புதிது, விஷயம் கோவை மோட்டார்ப் பட்டறைக்காரர்கள் தினமும் கையால் தொட்டறிந்தது.

துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பம்புசெட் மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். ஒரு நாள் ஓட்டினால் பழகிவிடும். ரிவால்வரில் விசையும் சுத்தியும் சந்திக்கும் இடம் ஓர் இழுப்புக்கு ஒரு முறைதான் உரசும். ஆயிரம் முறை இழுத்தாலும் மோட்டார்க் கணக்கில் அது அரை நிமிடம். அதனால் இரும்பு தானாக இணங்க நாளாகும். ‘இழுக்க இழுக்கச் சரியாகும்’ என்ற முதல் யோசனை பொய்யில்லை. ஆனால் எதிர்பார்ப்பதைவிட மிக மெதுவான உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேய்மானம் மேட்டைத்தான் மழுக்கும். பிசிறை ஒழுங்காக நீக்காது. வெட்டிய விளிம்பில் மயிரிழைபோல் தொங்கும் பிசிறு உடைந்து, எண்ணெயோடு கலந்து, மற்றப் பாகங்களுக்கு நடுவே அரப்பொடிபோல் அலையும். எனவே புதுத் துப்பாக்கியின் முதல் வேலை சுடுவதும் இழுப்பதும் அல்ல. கையேடு சொல்லும் அளவுக்குக் கழற்றி, துடைத்து, உள்ளே கிடக்கும் பொடியையும் கிடங்குக்காகப் பூசிய பழைய கிரீசையும் எடுப்பதுதான்.

அரம் ஓய்ந்த கதை

புதுத் துப்பாக்கியைப் பழக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அரத்தின் காலத்திலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் கோல்ட்டும் பர்மிங்காமின் வெப்ளி நிறுவனமும் ரிவால்வர்களைச் செய்தபோது, எந்திரம் பாகத்தை ஏறத்தாழ உருவாக்கித் தரும். மீதியைக் கைவினைஞர் அரத்தாலும் சாணைக்கல்லாலும் பொருத்துவார். ஒரு துப்பாக்கியின் சுத்தி இன்னொன்றுக்குச் சரியாக உட்காராது. நல்ல கைக்காரர் பொருத்தியது வெண்ணெயாக இயங்கும். அவசரத்தில் பொருத்தியது கரகரக்கும். 1955இல் வந்த கோல்ட் பைத்தான் ரிவால்வரின் பெயரே அந்தக் கைமெருகால்தான் நிலைத்தது. அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதும் கூலி கொடுப்பதும் கடினமானது அதன் விலை ஏறியதற்கு ஒரு காரணம். 2005இல் நின்றுபோய், 2020இல் மறுபடி வந்தபோது அதன் உள்ளமைப்பு கணினி எந்திரங்களுக்கு ஏற்றபடி எளிதாக்கப்பட்டிருந்தது.

இன்று பெரும்பாலான நிறுவனங்களில் கணினி வழி இயங்கும் எந்திரங்கள் வெட்டுகின்றன. சிறு பாகங்கள் பலவும் உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டு எடுப்பவை. அவற்றுக்கு அரம் தேவைப்படுவதில்லை; எல்லாம் ஒரே அளவில் வரும். கார் எஞ்சினிலும் இதுவே நடந்தது. சிலிண்டர்ச் சுவரின் மேடுகளைத் தொழிற்சாலையிலேயே சீவி எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் புது வண்டியின் முதுகில் ‘ரன்னிங் இன்’ எழுத்து காணாமல் போனது.

நம் நாட்டு நிலை இரண்டுக்கும் நடுவில். தனியார் வாங்கக்கூடிய .32 ரிவால்வர் கான்பூர் சிறுபடைக்கலத் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. அதன் வடிவமைப்பு வெப்ளியிலிருந்து வந்தது. .32 அஷானி பிஸ்டல் வங்காளத்து இஷாப்பூரில் இருந்து வருகிறது. டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014இல், பெண்களுக்கென்று அறிவித்து வெளியிட்ட எடை குறைந்த நிர்பீக் ரிவால்வரும் கான்பூரில் இருந்துதான். 2021 அக்டோபர் 1 முதல் இந்தத் தொழிற்சாலைகள், நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையோடு சேர்ந்து, அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின்கீழ் வந்தன. இந்த .32 ரிவால்வரின் இழுப்பு கனமானது என்பது வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. அதனால்தான் பழக்கும் பேச்சு நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வாங்குபவர் குழம்பும் இடமொன்று: ரிவால்வரின் .32 தோட்டாவும் பிஸ்டலின் .32 தோட்டாவும் ஒன்றல்ல. முன்னது 1896இல் வந்த ஸ்மித் அண்ட் வெசன் நீள்தோட்டா. பின்னது 1899இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. புது ஆயுதம் சிக்குகிறது என்று புலம்பும் முன், சரியான தோட்டாவா என்று பெட்டியைப் பார்ப்பது நல்லது.

செய்பவர்களே ஒத்துப்போவதில்லை

உலகச் சந்தையில் தயாரிப்பாளர்களின் கையேடுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். அமெரிக்காவின் கார் ஆர்ம்ஸ் தன் சிறு பிஸ்டல்களை 200 தோட்டா சுட்ட பிறகே நம்பத் தகுந்ததாக எண்ணச் சொல்கிறது. பிரௌனிங்கின் 1911 வகைப் பிஸ்டல்களை இறுக்கமாகப் பொருத்தி விற்கும் சிலர் 400, 500 என்கிறார்கள். ஆஸ்திரியாவின் கிளாக் அப்படி எதுவும் கேட்பதில்லை. அது செய்வது ஒன்றுதான்: முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான ஸ்லைடின் உட்புறத்தில் செம்பு நிறக் கிரீசைத் தடவி அனுப்பும், அதைத் துடைத்துவிடாதீர்கள், முதல் கட்டத்துக்கு அதுவே நீடித்த உயவு என்று சொல்லும்.

ஏன் இந்த வேறுபாடு? காரணம் இடைவெளி. ஸ்லைடும் தண்டவாளமும் இறுகப் பொருந்தினால் குறி கூர்மையாகும். ஆனால் துளி அழுக்குக்கும் சிக்கும். தளர்வாக இருந்தால் குறி சற்று விரியும், சேற்றிலும் ஓடும். 1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் பிரௌனிங்கின் பிஸ்டலை 6000 தோட்டாக்கள் தொடர்ந்து சுட்டுச் சோதித்தது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒருமுறைகூடத் தடைப்படவில்லை. அந்தத் துப்பாக்கி போர்க்களத்துக்காகத் தளர்வாகப் பொருத்தப்பட்டது. அதே வடிவத்தை நூறாண்டு கழித்துப் போட்டிக்காக இறுக்கிச் செய்பவர்தான் ‘500 சுட்டுப் பழக்குங்கள்’ என்கிறார். அதாவது, முடிக்காமல் விட்ட பொருத்து வேலையை வாங்குபவரின் தோட்டாச் செலவில் முடிக்கச் சொல்கிறார் என்றும் இதைப் படிக்கலாம். வாதம் கொஞ்சம் கடுமைதான். முழுப் பொய்யும் இல்லை.

ஸ்பிரிங்கின் பங்கையும் மறக்கலாகாது. புது ஸ்பிரிங் முதல் சில நூறு அழுத்தங்களில் சற்றே நீளம் குறைந்து நிலைபெறும். புது மேகசினில் கடைசித் தோட்டாவைத் திணிக்கக் கட்டைவிரல் நோவதும், சில வாரங்களில் அது இலகுவாவதும் இதனால்தான். ரிவால்வருக்கு மேகசினும் ஸ்லைடும் இல்லை. அதனால் பழக்க வேண்டிய பட்டியலும் அதற்குக் குறைவு.

விசை: கைவைக்கக் கூடாத இடம்

இரண்டாவது யோசனைக்கு வருவோம்: லேத்தில் கொடுத்துத் தேய்ப்பது. தாராபுரத்தில் ஒரு லேத்துக்காரரிடம், துப்பாக்கியைக் காட்டாமல், பொதுவாகக் கேட்டேன்: “கெட்டிப்படுத்தின இரும்பை எமரித் தாள்ல தேச்சா என்ன ஆகுங்க?” அவர் பல்சக்கரம் ஒன்றை எடுத்து விளிம்பைக் காட்டினார். மேல்பரப்பு கருநீலம், பல் உடைந்த இடத்தில் உள்ளே சாம்பல் வெள்ளை. “மேல இருக்குதே, இது மட்டுந்தான் கெட்டிங்க. நகத்துக் கனங்கூட இல்லீங்க. இதையத் தேச்சுட்டா உள்ள இருக்கறது வெண்ணெய்ங்க. ஒரு மாசம் நல்லா ஓடும், அப்பறம் சாப்பிட்டுரும்.”

துப்பாக்கியின் விசையமைப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை. சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியும் அது உட்காரும் பள்ளமும் பெரும்பாலும் மேல்தோல் மட்டும் கெட்டிப்பட்டவை. அவற்றின் கோணம் மயிரிழை மாறினாலும், மெருகு மேல்தோலைத் தாண்டினாலும், கொக்கி விசையின்றியே நழுவலாம். அப்போது துப்பாக்கி இழுக்காமலே வெடிக்கும். கரகரப்பு வேறு, கனம் வேறு என்பதையும் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. கரகரப்பு குறையலாம், குறைய வேண்டும். கனம் ஒரு பாதுகாப்பு.

அந்தக் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் உலகம் ஒரு முடிவுக்கு வந்ததில்லை. பன்னாட்டுத் துப்பாக்கிப் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். போட்டிக்கு முன் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். சுத்தியை முன்கூட்டி நிமிர்த்தாமல் ஒரே இழுப்பில் சுடும் ரிவால்வருக்கு நாலரை முதல் ஐந்தரை கிலோ சாதாரணம். நியூயார்க் காவல்துறை தன் பிஸ்டல்களுக்கு வேண்டுமென்றே 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோ இழுப்பு வைத்தது; தவறுதலாக வெடிப்பதைத் தடுக்க. ஆனால் 2008இல் ராண்ட் ஆய்வு நிறுவனம், அத்தனை கனம் குறியைக் கெடுக்கிறது, இலகுவான விசையைப் பரிசீலியுங்கள் என்றது. மிக இலகுவானால் தவறி வெடிக்கும். மிகக் கனமானால் தவறிய இடத்தில் படும். இந்தத் தராசைத் தெருமுனைப் பட்டறையில் சரிசெய்ய முடியாது.

சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சுடுகலனைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமன்றி, மாற்றியமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஏழாண்டு முதல் ஆயுள்வரை சிறை. லேத்துக்காரர் அரை மணி நேர வேலைக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. ஏற்றிவிடுவது நமக்கும் அழகில்லை. கரகரப்பு மிகுந்தால் விற்ற டீலரிடமோ தொழிற்சாலையிடமோ திருப்பிக் கொடுப்பதே முறை.

குழலும் எண்ணெயும்

குழலைப் பழக்குவது என்பது நெடுந்தொலைவு ரைபிள்காரர்களின் சடங்கு. ஒன்று சுடு, துடை. ஒன்று சுடு, துடை. பிறகு மூன்றுக்கு ஒருமுறை. குழலின் உட்சுவரில் செம்பு படிவது இதனால் குறையும் என்று சில குழல் செய்பவர்கள் சொல்கிறார்கள். தேவையே இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் விரல் அகலத்தை எண்ணுபவர்கள் அடித்துக்கொள்ளட்டும். பத்து மீட்டருக்குள் பயன்படும் .32 கைத்துப்பாக்கிக்கு இந்த விவாதம் பொருந்தாது. முதல் முறை சுடும் முன் குழலைத் துடைத்து, உள்ளே கிரீசோ துணியோ இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று கைவிடத் தக்கது. தையல் மெஷினுக்கும் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய் விடும் கை துப்பாக்கிக்கும் அதையே விடும். மார்கழிக் காலையில் அந்த எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைவதைப் பார்க்கிறோம். 24 டிகிரிக்குக் கீழே அதன் குணமே அது. துப்பாக்கிக்குள்ளும் அதேதான் செய்யும். நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும், தூசியைக் கூப்பிடும். விளக்கெண்ணெய் அதைவிடக் கெட்டி. துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய கனிம எண்ணெயை, உரசும் இடங்களில் மட்டும், துளியாக விட வேண்டும். அடி ஊசி இருக்கும் துளைக்குள்ளும் தோட்டாவின்மேலும் எண்ணெய் படக் கூடாது. பட்டால், கசிந்து உள்ளே போய் மருந்தைக் கெடுக்கும்.

நம் ஊரில் தோட்டாவுக்கு எங்கே போவது?

இப்போது மூன்றாவது வேலை: சோதித்து நம்புவது. மற்ற இரண்டையும்விட முக்கியமானதும், நம் நாட்டில் செய்யக் கடினமானதும் இதுவே.

முதலில் ஒரு கணக்கு. ஒரு துப்பாக்கி ஒருமுறையும் தடைப்படாமல் சில தோட்டாக்களைச் சுட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து அதன் நம்பகத்தை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? புள்ளியியலில் இதற்கு எளிய வாய்பாடு உண்டு: மூன்றைச் சுட்ட எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இருபத்தைந்து சுட்டிருந்தால் 3/25, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு. ஒன்பதுக்கு ஒன்று தடைப்படும் துப்பாக்கியாகக்கூட அது இருக்கலாம். இல்லை என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சொல்ல நம் கையில் சான்று இல்லை. இருநூறு சுட்டிருந்தால் நூற்றுக்கு ஒன்றரை. தயாரிப்பாளர்கள் கேட்கும் இருநூறு தோட்டாவைப் பழக்கும் கூலி என்று பார்த்தால் அதிகம். சோதனைக் கட்டணம் என்று பார்த்தால் நியாயம்.

அந்த இருநூறை இங்கே எங்கே சுடுவது? தாராபுரத்தில் இருப்பவர் உரிமத்துக்குத் திருப்பூர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வாங்கும் ஒவ்வொன்றும் டீலரின் பதிவேட்டில் ஏறும். தற்காப்புக்கு உரிமம் பெற்றவர் அந்த அளவை வைத்துக்கொண்டு விளையாட்டு வீரர்போல் சுட முடியாது. தோட்டத்து வேலியோரம் போய்ச் சுட்டுப் பார்ப்பதும் விளையாட்டல்ல. கிணற்றுமேட்டில் ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் அந்தக் குண்டுக்கும் நடுவில் முருங்கை மரம்தான் இருக்கும். கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்தின்படி குற்றம்: இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வரும் என்பது சட்டம் வருவதற்கு முன்பும் உண்மைதான்.

இதற்கு மேல் தேர்தல். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில் அங்கே உறங்கும். நண்பர் ஒருவரின் ரிவால்வர் திரும்பி வந்தபோது உறையின் தோல் பட்ட இடத்தில் துரு வரைபடம் போட்டிருந்தது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். துப்பாக்கியை உறைக்குள் வைத்து நெடுநாள் கிடத்தக் கூடாது என்று அன்றுதான் தெரிந்தது. அப்படித் திரும்பி வந்ததும் ஒருவகையில் புதுத் துப்பாக்கியே. மறுபடியும் முதலில் இருந்து துடைக்க வேண்டும், பார்க்க வேண்டும்.

ஆக, நம் நிலைமை தலைகீழ். அமெரிக்கர் ஒரு மாலைப்பொழுதில் இருநூறு சுட்டு முடித்துவிட்டுத்தான் பழக்கலாமா வேண்டாமா என்று வாதாடுகிறார். நாம் ஒன்றுகூடச் சுடாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இழுப்பு கரகரக்கிறதே என்று கவலைப்படுகிறோம். கரகரக்கும் துப்பாக்கி பெரும்பாலும் வெடித்துவிடும். சோதிக்காத துப்பாக்கி வெடிக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

கையைப் பழக்குவது

1911க்குத் திரும்புவோம். மார்ச்சில் பிரௌனிங்கின் பிஸ்டல் அமெரிக்காவில் 6000 சுட்டது. அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அந்த நிகழ்வை எப்படி மதிப்பிடுவது என்பது வேறு விவாதம். நம் கேள்விக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. வாஞ்சிக்குப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் சுடப் பயிற்சி கொடுத்திருந்தார். தமிழ்நாட்டின் கைத்துப்பாக்கி வரலாற்றில் நமக்குத் தெரிந்த முதல் பாடங்களில் ஒன்றிலும், பழக்கப்பட்டது இரும்பு அல்ல, கை.

கையும் பழகி, துப்பாக்கியும் பழகிய பிறகும் எந்திரம் எந்திரம்தான். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டலில் நெம்புகோல் உடைந்தது. சரிசெய்து திரும்புவதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. 575 புள்ளியோடு பன்னிரண்டாம் இடம். இறுதிச் சுற்று தவறியது. உலகத் தரப் பிஸ்டல், ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகியது, அருகில் பயிற்சியாளர். எல்லாம் இருந்தும் ஒரு சிறு துண்டு இரும்பு. மூன்றாண்டு கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கினார். இரண்டுக்கும் நடுவே இருந்தது மறுபடி மறுபடி செய்த பயிற்சி.

நம் ஊர் உரிமதாரருக்கும் இதில் கிடைக்கும் வழி உண்டு. தோட்டா இல்லாமல் செய்யும் பயிற்சி அது. துப்பாக்கியைக் காலி செய்து, ரிவால்வரின் ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, கனமான சுவரைப் பார்த்து, டம்மி தோட்டா போட்டு, விசையை மெதுவாக இழுத்துப் பழகுவது. .22 போன்ற விளிம்படித் தோட்டா ஆயுதங்களை டம்மி இல்லாமல் வெறுமனே இழுத்தால் அடி ஊசி அறையின் விளிம்பைக் கொத்திவிடும், அது கூடாது. இப்படி ஆயிரம் முறை இழுத்தால் இரும்பின் மேடு கொஞ்சம் மழுங்கும். அதைவிடப் பன்மடங்கு விரல் பழகும். முதல் யோசனை சொன்னவர் அறியாமலே சரியான மருந்தைச் சொன்னார். நோய் எதில் என்பதில்தான் தவறினார்.

2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்பவர் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று தர வேண்டும் என்று வைத்திருக்கின்றன. அதை ஒரு காகிதமாக வாங்கிக்கொண்டு போகாமல், அந்தப் பயிற்சியின்போதே, அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில், வாங்கப் போகும் வகைத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்ப்பவர் புத்திசாலி. பிறகு தன் துப்பாக்கியை வாங்கியதும், அனுமதித்த தோட்டாவில் ஒரு பங்கைச் சோதனைக்கென்று ஒதுக்க வேண்டும். ரிவால்வர் என்றால் ஆறு அறைக்கும் குறைந்தது மூன்று வீதம் பதினெட்டு. எந்த அறையில் அடி ஊசி ஆழமாகக் குத்தவில்லை, எதில் உருளை சரியாகப் பூட்டவில்லை என்பது அதற்குள் தெரியும். குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். தெரியாமல் வைத்திருந்தால், தெரியும் நேரம் கெட்ட நேரமாக இருக்கும்.

மூன்று யோசனைகளில் எது வென்றது? கம்பெனி கொடுத்ததில் கைவைக்காதே என்றவர் விசை விஷயத்தில் வென்றார்; ஆனால் துடைப்பதையும் சோதிப்பதையும் அவர் சொல்லாமல் விட்டார். லேத்துக்குப் போ என்றவர் பிசிறு இருக்கிறது என்பதைச் சரியாகவே கண்டார். அதை எடுக்க வேண்டிய ஆளைத்தான் மாற்றிச் சொன்னார். ஆயிரம் தடவை இழு என்றவரின் யோசனையே கடைசியில் நின்றது.

ரிவால்வர் வாங்கிய அந்தத் தெரிந்தவரைப் போன மாதம் பார்த்தேன். இழுப்பு சரியாகிவிட்டதா என்று கேட்டேன். “கரகரப்பு அப்படியேதானுங்க இருக்குது. ஆனா இப்பத் தெரியறதில்லீங்க” என்றார்.